ஒரு பக்கம் தேய்ந்த கெண்டி

மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பாத்திரம் கழுவும் ஓசைகூட அடக்கமாகத்தான் கேட்டது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே நீளமான ஒரே கூடம். தெருவைப் பார்த்த பாதி தையல் கடை; திரைக்குப் பின்னால் வீடு. மாஸ்டர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். தோள் இறங்கியவர்கள், முதுகு வளைந்தவர்கள், கை சூம்பியவர்கள் எல்லாம் பஸ் பிடித்து அவரிடம் வருவார்கள். மற்ற கடைகளில் ஒருவர் டேப்பைப் பிடித்து அளவை உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். இவர், இப்படிப்பட்டவர்கள் வந்தால் அளவை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். மழை எப்போது விடும், பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று ஏதாவது பேசிக்கொண்டே டேப்பை ஓட்டி மனத்தில் வாங்கிக்கொள்வார். சட்டை தயாரானதும் கண்ணாடி முன் நின்றால் இரண்டு தோளும் சமமாக இருக்கும். எங்கே பஞ்சு வைத்தார், எங்கே பிடித்துத் தைத்தார் என்று போட்டுக்கொண்டவருக்கே தெரியாது.

அவருக்குத்தான் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. கத்தரி பிடித்த கை மடியில் கிடந்தது. வாயின் வலது ஓரம் கீழே இறங்கி, எச்சில் நிற்காமல் வழிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பேச்சு குழறலாகத்தான் இருந்தது, ஆனால் புரிந்தது. மூக்கில் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்த நர்சம்மா, அவருக்கு விழுங்க வருகிறது, பயப்பட வேண்டாம் என்றார். நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். வாசலில் செருப்பு மாட்டும்போது மருமகளிடம் தணிந்த குரலில், "அடுத்த தடவை நான் வர்றப்ப உடம்பு இன்னும் இறங்கியிருந்தா மறுபடி குழாய்தாம்மா. இந்த வயசுல அதைத் தாங்குவாரான்னு சொல்ல முடியாது. அவரு மனசு வைக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனசு வைக்கத்தான் அவர் தயாராக இல்லை. காரணம் ஒரு கப்பு. மகன் பஸ் கண்டக்டர். நல்ல பிள்ளை, ஆனால் எதையும் யோசித்துச் செய்ய அவனுக்கு நேரம் இருக்காது. சிந்தாமல் குடிக்க வசதியாக இருக்கும் என்று குழந்தைச் சாமான் கடையில் ஒரு கப்பு வாங்கிவந்தான். மூடியில் உறிஞ்ச ஒரு மூக்கு, வயிற்றில் ஒரு மஞ்சள் வாத்து. மாஸ்டர் அந்த வாத்தைப் பார்த்தார். இடது கையால் ஒரு தள்ளு. கப்பு உருண்டு தையல் மிஷினின் அடியில் போய் நின்றது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதோடு சரி. யார் கரண்டியை நீட்டினாலும் உதட்டைத் திறக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும் நேரத்தில் ஈரத்துணியைக் கடித்து உறிஞ்சுவார்; அவ்வளவுதான். பஸ் நிறையக் கூட்டத்தை உள்ளே தள்ளுகிறவனால் அப்பாவின் வாய்க்குள் ஒரு கரண்டி கஞ்சியைத் தள்ள முடியவில்லை. முதலில் கெஞ்சினான், அப்புறம் கத்தினான், கடைசியில் பின்கட்டில் போய் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தான்.

மருமகளும் நானும் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். ஊருக்கு வெளியே மண்ணுக்குள் புதைந்த பழைய குடியிருப்பு ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் குழிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். தகரக் கொட்டகையில்தான் வேலை. வாளி வாளியாகப் பானை ஓடுகள் வரும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மூங்கில் தட்டிகளில் பரப்பி, காய்ந்ததும் மூலையில் சின்னதாக எண் எழுதுவார்கள். மழை நாளில் ஓடு லேசில் காயாது. கொட்டகை முழுக்க ஈர மண் வாடையும் பசை வாடையும் கலந்து கிடக்கும்.

ஒட்டுவது அவள் வேலை. ஒரு தட்டு நிறைய மணல் வைத்திருப்பாள். இரண்டு ஓட்டைச் சேர்த்து, பசை இறுகும்வரை விழாமல் இருக்க மணலில் குத்தி நிறுத்துவாள். ஒட்டி முடித்ததை வரைவது என் வேலை. எங்களுக்கெல்லாம் தலைவி, தோண்டும் பொறுப்பில் இருந்த மேடம். படிப்பு நிறைய, கர்வம் கிடையாது. எதைக் கேட்டாலும் முதலில் "தெரியலையே" என்று சந்தோஷமாகச் சொல்லும் ஒரு பெண்மணியை நான் அங்கேதான் பார்த்தேன்.

அது ராஜா ராணி வாழ்ந்த இடமில்லை. கல்மணி அறுத்துத் துளைபோட்டுப் பிழைத்தவர்களின் தெரு. சிறிய வீடுகள், வீட்டுக்கு ஓர் அடுப்பு, அடுப்போரம் சட்டிகள். சட்டிகளில் பெயர் கீறியிருந்தார்கள். சோறு வடிக்கும் பானையில்கூடப் பெயர். மணி கோக்கிறவர்களும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பது மேடத்துக்கு ஒரு பண்டிகை மாதிரி இருந்தது.

அந்தத் தெருவின் ஒரு வீட்டு அடுப்போரத்தில்தான் அந்தக் கெண்டி கிடைத்தது. நொறுங்கிக் கிடந்ததை அவள் கழுவி, தேடிச் சேர்த்து, உடம்பை ஒட்டினாள், மூக்கை ஒட்டினாள். கைப்பிடி மிஞ்சியது. கெண்டி என்றால் மூக்குக்கு நேர் எதிரே கைப்பிடி. அவள் அப்படியே வைத்தாள். உட்காரவில்லை. ஓரத்தைத் துடைத்து, கொஞ்சம் அழுத்தி, பசையைக் கூட்டி ஒட்டிவிட்டாள். மறுநாள் பார்த்தால் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. பசையைக் கரைத்துப் பிரித்தாள். வேறு பானையின் கைப்பிடியோ என்று ஒதுக்கி வைத்தாள். பிறகு எதேச்சையாக மூக்குக்குப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோது, பெட்டிக்கு மூடி பொருந்துவதுபோல ஓசையில்லாமல் உட்கார்ந்தது.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தான்தான் எங்கோ தப்புப் பண்ணியிருக்கிறோம் என்று மேடத்திடம் போய் நின்றாள். மேடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டு சரி என்றார். குயவர் தூக்கக் கலக்கத்தில் கைப்பிடியை இடம் மாற்றி வைத்துவிட்டார் போலிருக்கிறது என்று கொட்டகையில் சிரித்தார்கள். ஓடு கழுவும் அக்கா ஒருத்தி, இது குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை என்று அடித்துச் சொன்னாள். நானும் படத்தின் கீழே அப்படியே எழுதிவைத்தேன்.

அன்று சாயங்காலம் நான் மாடிக்கு ஏறப்போனபோது மருமகள் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போன கஞ்சி பக்கத்தில். மாமனாரின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அந்த முதுகோடு பேசிக்கொண்டிருந்தாள். கைப்பிடியோடு பட்ட பாட்டையெல்லாம் சொல்லி முடித்து, "கடைசியில அது குழந்தைக்குப் பால் குடுக்குற பாலாடையாம் மாமா," என்றாள்.

நான் படியில் காலை வைத்துவிட்டேன். அப்போது சுவர்ப் பக்கமிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"எவ்ளோ பிடிக்கும்?"

அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். பிறகு ரெண்டு டம்ளர் பிடிக்கும் என்றாள்.

"குழந்தைக்கு… எதுக்கு அவ்ளோ?"

அதற்கு மேல் பேச்சில்லை. கஞ்சியும் இறங்கவில்லை. ஆனாலும் அவள் முகத்தில், அடைத்த கதவுக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் கேட்டவளின் வெளிச்சம் இருந்தது.

மறுநாள் அவள் அந்தக் கேள்வியை மேடத்திடம் கொண்டுபோனாள். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். நாமே கேட்டிருக்க வேண்டியது என்று சொல்லி, கெண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மூக்கின் நுனி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. உடைந்த இடமல்ல, நாள்பட்ட தேய்மானம். பல்லும் உதடும் பட்டுப் பட்டுத் தேய்ந்தது மாதிரி. பால்குடிக் குழந்தைக்கு ஏது பல்?

அதை அவள் சாயங்காலம் வந்து அந்த முதுகிடம் சொன்னாள். முதுகு கொஞ்சம் திரும்பியது. எந்தப் பக்கம் தேய்ந்தது, மூக்கு எவ்வளவு நீளம், கைப்பிடிக்குள் எத்தனை விரல் நுழையும் என்று கேட்டார். தெரியாததை அவள் பார்த்துவந்து சொல்வதாகச் சொன்னாள். இப்படியே கேள்வி கட்டிலிலிருந்து கொட்டகைக்கும், பதில் கொட்டகையிலிருந்து கட்டிலுக்குமாகப் போய்வந்தது. அவருடைய ஊகமும் ஒன்று வந்தது: இடது கைப் பழக்கமுள்ள சமையல்காரனுக்காகச் செய்த எண்ணெய்க் கெண்டி. உள்ளே எண்ணெய்க் கறை இல்லை என்று மேடம் சொல்லியனுப்பினார். மாஸ்டர் அதை ஒப்புக்கொண்டு வேறு யோசிக்கத் தொடங்கினார்.

ஆனால் சாப்பிடவில்லை. கண்கள் உள்ளே போய்விட்டன. பேசும்போது நடுவில் மூச்சு வாங்கியது. நர்சம்மா வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மகன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வழி கிடைத்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. டியூட்டி முடிந்து வந்தவன் நேரே கட்டிலுக்குப் போய், கெண்டியைப் பற்றிப் புதுச் சேதி ஒன்று வந்திருக்கிறது, ஒரு வாய் கஞ்சி குடித்தால் சொல்வேன் என்றான்.

மாஸ்டர் மகனை நிமிர்ந்து பார்த்தார். "நிலாவைக் காட்டி… சோறு ஊட்டுறியா?" என்றார். மறுபடி சுவர்.

அன்று மருமகளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குரல் உயரவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் வந்து கணவனிடம், "அவரு டிக்கெட் வாங்காம ஏறின ஆளா? சில்லறையைக் குடுத்தாத்தான் சீட்டுக் கிழிப்பேன்னு நிக்கிறீங்க. அவரா திரும்பிப் பார்த்த ஒரே விஷயம் அதுதாங்க," என்றாள். அவன் ஆறிய கஞ்சியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்து, பேசாமல் கட்டிலின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அன்புக்கு எப்போதும் நல்ல வார்த்தை கிடைப்பதில்லை. கடவுள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

நடந்ததை நான்தான் மேடத்திடம் சொன்னேன். மருமகள் சொல்லியிருக்க மாட்டாள். மேடம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, அவரை இங்கே கூட்டிவர முடியுமா என்று கேட்டார். பொருளை வெளியே கொண்டுபோக விதி இல்லை. ஆள் உள்ளே வரத் தடை இல்லை. பரிதாபத்துக்காகக் கூப்பிடவில்லை என்றும் சொன்னார். "வலப்பக்கம் வராத ஒருத்தர் அந்தக் கெண்டியைக் கையில எடுத்தா என்ன ஆகும்னு எனக்கு நிஜமாவே பார்க்கணும்."

மருமகள் இதை அப்படியே மாமனாரிடம் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வாசல் பக்கம்கூட எட்டிப் பார்க்காதவர். தெருவில் யாராவது விசாரிக்க வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறவர். கடைசியில், "நீலக் கோடு போட்ட சட்டை… எடு," என்றார்.

மறுநாள் மகன் லீவு போட்டான். ஆட்டோவில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டினான். மருமகள் ஒரு பையில் துண்டும் மாற்றுச் சட்டையும் கஞ்சி நிரப்பிய பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டாள். பிளாஸ்க்கை அவர் பார்த்தார், வேண்டாம் என்று தள்ளவில்லை. வழி முழுக்கத் தூறல். மடித்த கைக்குட்டையை இடது கையால் வாயோரத்தில் பிடித்துக்கொண்டே வந்தார்.

கொட்டகையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஓடு கழுவும் அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் தம்பிக்கு மாஸ்டர்தான் கல்யாணச் சட்டை தைத்தார் என்றாள். அவர் தலையசைத்தார். மேடம் கவிழ்த்த வாளி ஒன்றை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். மணல் தட்டை அவர் மடிக்கு மேலே ஒரு பலகையில் வைத்தார்கள். மணலில் கெண்டி நின்றது.

மாஸ்டர் உடனே தொடவில்லை. துணியைப் பார்ப்பதுபோல் சுற்றிப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். விரல்கள் தாமாகவே கைப்பிடிக்குள் போயின. கட்டை விரல் மேலே ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்தது. அந்தப் பள்ளத்தை நான் வரைந்திருந்தேன், எதற்கென்று யோசித்ததில்லை. மெதுவாகத் தூக்கினார். மேடத்தின் இரண்டு கைகளும் கீழே ஏந்தியபடி கூடவே உயர்ந்தன. கைப்பிடி பக்கவாட்டில் இருந்ததால் மணிக்கட்டை முறுக்காமலே மூக்கு அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பியது. உதட்டில் படாமல் நிறுத்தினார். தேய்ந்த பக்கம் அவருடைய இடது வாயோரத்துக்கு நேரே வந்து நின்றது. இன்னும் வேலை செய்கிற ஓரம் அது.



அவர் அதைப் பத்திரமாக மணலில் இறக்கினார். "கடையில வச்சு வித்த சாமான் இல்ல," என்றார். வார்த்தை வார்த்தையாக வந்தது. "ஆள் வந்து… அளவு குடுத்துட்டுப் போயிருக்கான்."

மேடம் மூச்சு விட்டார். நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் இதைவிடப் பொருத்தமான பதில் தன்னிடம் இல்லை என்றார். தேய்மானத்தைப் பார்த்தால் அந்த ஆள் வருஷக் கணக்கில் இதில் குடித்திருக்கிறார். அத்தனை வருஷமும் யாரோ அவருக்கென்று தனியாகக் காய்ச்சிக் கரைத்து அடுப்போரத்தில் வைத்திருக்கிறார்கள். "ராஜாவைத் தெரிஞ்சுக்கக் கல்வெட்டு இருக்கு மாஸ்டர். அந்தத் தெருவுல மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படி வச்சுக்கிட்டாங்கன்னு சொல்றதுக்கு இந்த மூக்கு மாதிரி ஏதாவது கிடைச்சாத்தான் உண்டு."

மாஸ்டரின் விரல் கெண்டியின் தோளில் இருந்த கீறலைத் தடவிக்கொண்டிருந்தது. பெயரா என்று கேட்டார். பெயர்தான், மேடம் படித்துக் காட்டினார். யார் எழுதியது என்று அடுத்த கேள்வி.

அது எனக்கானது. மற்றப் பானைகளில் பெயர்கள் திருத்தமாக இருக்கும். இதில் மட்டும் கோணல் மாணல். எழுதப் பழகாத சின்னப் பிள்ளை கிறுக்கியது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வரையும்போது ஒன்றைக் கவனித்திருந்தேன். எல்லாப் பானைகளிலும் குறுக்குக் கோடு இடது பக்கம் ஆழமாகத் தொடங்கி வலது பக்கம் மெலிந்து முடியும். இதில் வலது பக்கம் ஆழம். இடது பக்கம் மெலிவு. எழுதிய கை கோட்டை எதிர்ப்பக்கமாக இழுத்திருக்கிறது. அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மேடம் எழுந்து வந்து கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "இடது கையா இருக்கலாம்," என்றார். "பழக்கமில்லாத இடது கை."

மாஸ்டர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெயரைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. கூப்பிட்டால் அந்த ஆள் திரும்பிப் பார்த்திருப்பார் என்றுதான் எனக்குப் பட்டது.

மேடம் மறுபடி வாளியில் உட்கார்ந்தார். கூச்சப்படாமல் கேட்டார். "ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யற வாயால எப்படிக் குடிப்பாங்கன்னு நான் பார்த்ததில்ல. புஸ்தகத்துலயும் இல்ல. உங்களால காட்ட முடியுமா?"

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மருமகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மாஸ்டர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் வாயை எல்லாரும் இரக்கத்தோடு பார்த்தார்கள், இல்லையென்றால் பார்க்காததுபோல் இருந்தார்கள். இந்த அம்மா கெண்டியின் மூக்கைப் பார்த்த அதே கண்ணோடு, தெரிந்துகொள்ளும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மருமகள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா இருக்கு?"

"கஞ்சி இருக்கு மாமா."

"ஊத்து."

டம்ளரில் ஊற்றி அவர் இடது கையில் கொடுத்தாள். உதவிக்குக் கை நீட்டவில்லை. அவள் விரல்கள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன. முதல் வாய் முழுக்க வலது பக்கமாக வழிந்து நீலக் கோட்டுச் சட்டையில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. டம்ளரை மேடத்திடம் காட்டி, "இதுக்கு ரெண்டு பக்கமும் வாய் வேணும்," என்றார். கெண்டியைக் காட்டி, "அதுக்கு ஒண்ணு போதும்," என்றார். ஓடு கழுவும் அக்கா சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் வாயின் நல்ல ஓரமும் சிரிப்பில் ஏறியது.

இரண்டாவது வாய்க்குத் தலையை இடது பக்கம் சாய்த்தார். கொஞ்சம் உள்ளே நின்றது, கொஞ்சம் சிந்தியது. மூன்றாவதுக்கு டம்ளரின் விளிம்பைச் சரியாக அந்த ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார்.

மேடத்தால் பொறுக்க முடியவில்லை. தலையை முதலில் சாய்க்கிறாரா, டம்ளரை முதலில் சாய்க்கிறாரா, நாக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே முன்னால் நகர்ந்தார்.

மாஸ்டர் டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு இடது கையை உயர்த்தினார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருக்கும்போது, பேச வரும் வாடிக்கைக்காரர்களை அப்படித்தான் நிறுத்திவைப்பார். நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். சட்டைக் காலருக்கு மேலே, எலும்பு தெரிந்த அந்தக் கழுத்தில் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டேன்," என்றார். "இப்பக் கேளுங்க."